பாட்டாவிடம் சொல்

எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் நல்லமிளகு. ஆள் குட்டை, நிறம் கறுப்பு, காரம் கூடுதல். பெயரைக் கண்டுபிடித்தவள் யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் கூப்பிட்டு ஒரு காப்பி வாங்கிக் கொடுப்பேன், அப்படி ஒரு பொருத்தம். என் கோபத்தைப் பற்றி வீட்டிலும் புகார் உண்டு, சபையிலும் புகார் உண்டு. எங்கள் போதகரே ஒருமுறை ஜாடையாகப் பிரசங்கம் பண்ணிவிட்டார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து நன்றாகக் கேட்டுவிட்டு வந்தேன். ஒன்றும் மாறவில்லை.

நான் செவிலியர் படிப்பு சொல்லிக்கொடுக்கிறவள். குழித்துறையிலிருந்து பஸ் பிடித்து நாகர்கோவில் பக்கம் இருக்கும் கல்லூரிக்குப் போய்வருகிறேன். எங்கள் துறையில் பட்டப்படிப்பு, மேற்படிப்பு, வேலையில் இருந்துகொண்டே வந்து படிக்கும் நர்ஸ்மாருக்கான படிப்பு என்று எல்லாம் உண்டு. முனைவர் பட்டம் வாங்கியவுடன் எல்லோரும் மேற்படிப்பு வகுப்புக்குப் போய்விடுவார்கள், கையில் ஊசி பிடிக்கத் தெரியாத முதல் வருஷத்துப் பிள்ளைகளை யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள். நான் கேட்டு வாங்கினேன். கை பழகுவதற்கு முன்னால் பிடித்தால்தான் உண்டு. மூன்றாம் வருஷம் ஆகிவிட்டால் தப்பாகப் பழகிய கையைத் திருப்ப யாராலும் ஆகாது. என்னிடம் பழகிய கை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தனியாகத் தெரியும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் செய்முறைக் கூடத்தில் இரண்டு கட்டில்கள். ஒன்று காலியாகக் கிடக்கும், விரிப்பு விரித்துப் பழகுவதற்கு. மற்றதில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருக்கும், ஆள் உயரத்தில், வாயைப் பாதி திறந்துகொண்டு. எத்தனையோ பிள்ளைகள் குத்திக் குத்தி அதன் கையில் நரம்பு இருக்கும் இடம் ஓட்டையாகிவிட்டது. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு துவர்த்துத் துண்டை அதன் தோளில் போட்டு, பாட்டா என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் தாத்தாவுக்குப் பாட்டா என்று பெயர். அன்றிலிருந்து அது பாட்டாதான். ஆசிரியர்கள்கூட, பாட்டாவைத் துடைத்து வைத்தாச்சா என்றுதான் கேட்போம்.

இந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் கல்லூரியில் மட்டுமல்ல, இந்தப் படிப்பு படித்த எல்லோரும் இதைச் செய்துதான் வந்திருப்பார்கள். எந்தச் செய்முறையானாலும் முதல் படி, என்ன செய்யப்போகிறோம் என்பதை நோயாளிக்கு விளக்குவது. பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? பாட்டாவுக்கு முதுகைக் காட்டி, டீச்சரைப் பார்த்து நின்று, ‘எக்ஸ்பிளெயின் த புரொசீஜர் டு த பேஷன்ட்’ என்று இங்கிலீஷில் ஒப்பித்துவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுவார்கள். விளக்குகிறேன் என்று டீச்சரிடம் சொன்னால் விளக்கியாகிவிட்டது. படுத்திருக்கிறவருக்கு ஒரு வார்த்தை கிடையாது. பொம்மைதானே என்று விடலாம். ஆனால் வார்டுக்குப் போனாலும் இதேதான் நடந்தது. உயிருள்ள மனுஷர் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு கிடப்பார், பிள்ளை அவர் தலைக்கு மேலே என்னைப் பார்த்து, நோயாளிக்கு விளக்குகிறேன் மேடம் என்பாள். மதிப்பெண்ணும் விழும். நானும் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் மதிப்பெண் போட்டேன். அந்தப் பிள்ளை வருகிறவரை அதில் எனக்கு ஒரு கோளாறும் தெரியவில்லை.

அவள் தேங்காய்ப்பட்டணத்துப் பிள்ளை. வாப்பா வளைகுடாவில் டிரைவராக இருந்து, சிறுநீரகம் கெட்டுத் திரும்பி வந்தவர். மெலிந்த உருவம், பெரிய கண்கள், எப்போதும் வரிசையில் கடைசி. பேச ஆரம்பித்தால் திக்கும். எங்கள் பக்கத்தில் கொன்னை என்பார்கள். முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் மூடிக்கொள்ளும். கூட்டாளிகளிடம் கொஞ்சம் பரவாயில்லை. ஆசிரியர் முன்னால் வந்தால் மொத்தமாக அடைத்துவிடும்.

முதல் முறை செய்து காட்டச் சொன்ன அன்று அவள் பாட்டாவின் கட்டில் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள். ‘எ’ என்ற எழுத்தைத் தாண்ட முடியவில்லை. பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சிரித்தவர்கள்மேலும் ஏறியது, அவள்மேலும் ஏறியது, பொதுவாக எல்லாவற்றின்மேலும் ஏறியது.

“எதுக்குட்டி என் மூஞ்சியப் பாக்க? எனக்கா ஊசி போடப்போற? அந்தா கிடக்காரே, அவருக்கிட்டச் சொல்லு. பாட்டாகிட்டச் சொல்லு.”

கோபத்தில் கத்தியது. அதில் யோசனை ஒன்றும் இல்லை. அவள் திரும்பினாள். பொம்மையின் கையை மெல்லத் தொட்டாள். அப்புறம் அவள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நான் கையில் வைத்திருந்த தட்டை மேசைமேல் வைத்தேன்.

“பாட்டா, கையில ஒரு ஊசி போடப்போறேன். பேடிக்காண்டாம். கொஞ்சமா நோவும், எறும்பு கடிச்சாப்பல. கைய மட்டும் அனங்காம வச்சிருங்க. முடிஞ்ச ஒடன ஞான் சொல்லுகேன்.”

ஒரு திக்கல் இல்லை. பாதி மலையாளம் கலந்த மேற்குக் கடற்கரைப் பேச்சு, பாட்டுப் போல ஏறி இறங்கி ஓடியது. பின்னால் சிரிப்பு நின்றுவிட்டது. ஊசி போட்டு முடிக்கிறவரை அவள் பாட்டாவிடம் பேசிக்கொண்டே இருந்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை. நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டேன். அடுத்தவள் வந்து என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஆரம்பித்தாள். அந்தக் குரலை அதற்குமேல் என்னால் கேட்க முடியவில்லை. நிறுத்தச் சொன்னேன். இனிமேல் இந்தக் கூடத்தில் யாரும் என்னிடம் எதையும் விளக்கக் கூடாது, எனக்கு எல்லாம் தெரியும், பாட்டாவுக்குத்தான் ஒன்றும் தெரியாது, அவரிடம் சொல்லிவிட்டுத் தொடு என்றேன். அன்றிலிருந்து அது சட்டம்.

சட்டத்தால் கூத்தும் வந்தது. பாட்டா பாட்டா என்றே பழகிய பிள்ளைகள் வார்டுக்குப் போனார்கள். ஒருத்தி, முறுக்கு மீசை வைத்த இளவயதுப் போலீஸ்காரர் ஒருவரிடம் போய், பாட்டா காய்ச்சல் பார்க்கப்போறேன், வாயைத் திறங்க என்றாள். மனுஷர் கண்ணாடி கேட்டு வாங்கித் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். இன்னொருத்தி பிரசவ வார்டில் ஒரு பெண்ணையே பாட்டா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நர்ஸ்மார் எல்லோரும் என்னைக் கேலி செய்தார்கள். செய்யட்டும். என் பிள்ளைகள் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், வேறு எந்த வகுப்பும் பேசவில்லை.

துறைக் கூட்டத்தில் இது பேச்சுக்கு வந்தது. தலைவி நல்ல மனுஷி, ஆனால் பயந்த சுபாவம். வருஷக் கடைசித் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர் எதைக் கேட்டு மதிப்பெண் போடுவார், ஒவ்வொரு படியையும் காரணத்தோடு அவரிடம் சொன்னால்தானே போடுவார், நீங்கள் பிள்ளைகளின் வாயை அந்தப் பக்கம் திருப்பி விட்டால் எப்படி என்று கேட்டார். வருகிறவர் காது என்ன ஊரிலேயே விட்டுவிட்டா வருவார், நோயாளியிடம் சொல்வது அவருக்கும் கேட்கும்தானே என்று நான் கேட்டேன். கூட்டம் சிரித்தது. தலைவி சிரிக்கவில்லை. மற்ற பிள்ளைகள் இரண்டு விதமாகவும் சொல்லிக்கொள்வார்கள் மேடம், அந்தத் தேங்காய்ப்பட்டணத்துப் பிள்ளையை நினைச்சுப் பாருங்க என்றார். கைவசம் பதில் இல்லாதபோது நான் டீ கேட்பேன். டீ கேட்டேன்.

தேர்வு நெருங்கியபோது அந்தப் பிள்ளை என்னிடம் வந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. எங்கள் கல்லூரியில் இடுப்பு பெல்ட் வருஷத்துக்கு ஒரு நிறம், முதல் வருஷம் சிவப்பு, இரண்டாம் வருஷம் நீலம். தேர்வு முடியும் முன்பே பிள்ளைகள் கடையில் சொல்லி நீலம் எடுத்து வைத்துவிடுவார்கள். அவள் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டு, ஏன் என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருந்தாள். பதில் வர நேரமானது. எனக்குப் பொறுமை கிடையாது. அவள் மாட்டிக்கொண்ட சொல்லையெல்லாம் நானே எடுத்துக் கொடுத்தேன், தோற்றுவிடுவோம் என்றா, பயம் என்றா, வீட்டில் வேண்டாம் என்கிறார்களா என்று. அவள் கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

“நீ... நீங்க சொல்லாதீங்க மேடம். ஞான்... ஞான் சொல்லுகேன்.”

யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் திக்கித் திக்கிச் சொன்னது இதுதான். வாப்பாவை ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது பெரிய ஊசியைச் சொல்லாமல் கொள்ளாமல் குத்துகிறார்கள். வாப்பா ஒவ்வொரு முறையும் துள்ளிவிடுகிறார். இப்போதெல்லாம் வெள்ளை உடுப்பைக் கண்டாலே கையை இழுத்துக்கொள்கிறார். சொல்லிவிட்டுக் குத்துகிற ஒரு நர்ஸாவது வேண்டும் என்றுதான் இந்தப் படிப்புக்கு வந்தாள். ஆனால் தேர்வின் நேர்முகத்தில், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் உட்கார்ந்தால் நாக்கு எழும்பாது. இதில் தோற்றால் மறுபடி எழுத வரமாட்டாள். தோற்று நிற்பதைவிட, இது எனக்கு உள்ளதல்ல என்று போய்விடுவது மானம். நீல பெல்ட்டை எடுத்து வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க அவளால் முடியாது.

போட்டீ பிள்ள, நான் இருக்கேன் என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ. உள்தேர்வாளர் நான்தான். ஆனால் மாணவி பதில் சொல்லும்போது உள்தேர்வாளர் வாயைத் திறக்கக் கூடாது, அதுவும் எனக்குத் தெரியும்.

வெளித்தேர்வாளர் வடக்கே ஒரு பெரிய ஊரிலிருந்து வந்தார். கனத்த உடம்பு, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தடித்த கண்ணாடி. முட்டுவலி போல, படியேறும்போது ஒவ்வொரு படியிலும் நின்றார். வந்ததும் எங்கள் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு, இவங்க பேசறது தமிழ்தானா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சாதாரணக் கேள்விதான். எனக்குத்தான் அப்போதே மூக்கு விடைத்தது.

காலையில் வார்டில் செய்முறை. அந்தப் பிள்ளைக்கு வந்தது, எழும்ப முடியாத நோயாளியைக் கட்டிலில் வைத்துக்கொண்டே விரிப்பு மாற்றுவது. நோயாளி கொட்டாரம் என்ற ஊர்க்காரர், வயல் வரப்பில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. இதில் கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொள்ள இன்னொரு மாணவியை வைத்துக்கொள்ளலாம். வெளித்தேர்வாளர் கட்டிலின் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிள்ளை அவருக்குக் கை கூப்பிவிட்டு, நேராக நோயாளியின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்துகொண்டாள். வார்டில் இரைச்சல். அவள் பேசியது எனக்கே பாதிதான் கேட்டது. பிறகு வேலை நடந்தது. அவரை ஒரு பக்கம் சரித்து, பழைய விரிப்பைச் சுருட்டி, புதியதைப் பாதி விரித்து, மறுபக்கம் சரித்து, இழுத்து, மூலையை மடித்து முடித்தாள். ஒரு சுருக்கம் இல்லை. மனுஷர் முனகக்கூட இல்லை.

தேர்வாளர் எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளை போன பிறகு என்னிடம், கை நல்ல கை, ஆனால் விளக்கமே சொல்லவில்லையே என்றார். சொன்னாள் என்றேன். என்னிடம் சொல்லவில்லையே என்றார். உங்களுக்கா விரிப்பு மாற்றினாள் என்று என் வாய் கேட்டுவிட்டது. அவர் பேனாவை மூடினார். சத்தம் போடாமல், ஒவ்வொரு படிக்கும் காரணம் தெரிந்து செய்கிறாளா, பார்த்துப் பழகிச் செய்கிறாளா என்று நான் எப்படி மேடம் கண்டுபிடிக்க என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அவரிடமே கேளுங்க என்று நோயாளியைக் காட்டினேன்.

அவர் எழுந்து போய்க் கேட்டார். கொட்டாரத்துக்காரர் தலையணையில் தலையைச் சாய்த்தபடியே சொன்னார்.

“பிள்ள எல்லாம் சொல்லிச்சும்மா. மொதல்ல அந்தாலச் சரிப்பேன், எங் கை முதுகுலயே இருக்கும், விழமாட்டீங்கன்னு சொல்லிச்சு. துணியச் சுருட்டி வச்சா முதுகுக்கடியில மேடு மாதிரி தெரியும், அதத் தாண்டி இந்தாலச் சரியணும். துணி சுருங்கிக் கிடந்தா தோலு உரிஞ்சு புண்ணாயிரும், அதான் இழுத்துக் கட்டுகேன்னிச்சு. நொந்தா சொல்லணும், பல்லக் கடிச்சிக்கிட்டுக் கிடக்கப்பிடாதாம். இதுக்கு முன்ன வந்த பிள்ளையளும் நல்ல பிள்ளையதான். ஆனா சொல்லமாட்டாவ.”

தேர்வாளர் மறுபடி உட்கார்ந்து, எழுதியதில் ஒன்றை அடித்து வேறு எழுதினார். எனக்கு உள்ளுக்குள் பாண்டு வாத்தியமே அடித்தது. அதை முகத்தில் காட்டாமல் இருக்க நான் கற்றுக்கொண்டதில்லை. அவர் பார்த்துவிட்டார். செய்முறை சரி மேடம், ஆனால் மத்தியானம் நேர்முகம் இருக்கிறது, அங்கே நோயாளி கிடையாது, நானும் அந்தப் பொண்ணும்தான், அதை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது என்றார். பாண்டு வாத்தியம் நின்றுபோனது.

நேர்முகம் செய்முறைக் கூடத்தில் வைத்தோம். மேசைக்கு ஒரு பக்கம் நாங்கள் இரண்டு பேர், எதிரே மாணவி. ஓரத்தில் பாட்டா துவர்த்தோடு கிடந்தார், அவர் பக்கத்தில் காலிக் கட்டில். இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகள் இருவர் நீல பெல்ட் கட்டிக்கொண்டு உதவிக்கு நின்றார்கள். ஒவ்வொருத்தியாக வந்து பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் அவள் வந்தாள்.

தேர்வாளர் சாதாரணமான கேள்வியைத்தான் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண் மூடிக்கொண்டது. தேர்வாளர் கேள்வியைச் சுலபமாக்கி மறுபடி கேட்டார். அது இன்னும் மோசம், சுலபமான கேள்விக்கும் தெரியவில்லை என்று ஆகிவிடுமே. பிள்ளையின் கை சிவப்பு பெல்ட்டின் கொக்கியைப் பிடித்துத் திருகியது. அவளுக்குப் பதில் தெரியும். எனக்கும் தெரியும். என் பல்லுக்குப் பின்னால் அந்தப் பதில் முழுசாக நின்றது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் வாயை அடக்கியது குறைவு, அன்றைக்கு அடக்கியதுபோல ஒருநாளும் வலித்ததில்லை. அழுகைகூட வந்தது. அதைக் கோபம் என்று காட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தேர்வாளர் எழுந்துவிட்டார். முடிந்தது, அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மெல்ல நடந்து காலிக் கட்டில் பக்கம் போனார். இது என் வெயிட்டத் தாங்குமா என்று நீல பெல்ட் பிள்ளைகளிடம் கேட்டார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் என்னத்தைச் சொல்ல? அவர் ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கஞ்சி போட்ட சேலையோடு பாட்டாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் மல்லாக்கப் படுத்துவிட்டார்.

“எனக்கு எழுந்திரிக்க முடியலம்மா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து என்னைப் புரட்டறியே, எதுக்கு? தூங்க விடேன்.”

பிள்ளை எழுந்து கட்டில் பக்கம் போனாள். முதலில் அவர் தோளைத் தொட்டாள்.

“ஒறங்கிக்கலாம். ஞான் வெளக்கக்கூட அணச்சிட்டுப் போறேன். ஆனா ஒரே கிடப்புல கிடந்தா, அழுந்துன இடத்துல ரெத்தம் ஓடாது. மொத செவக்கும். பொறவு தோலு பிரியும். அது ஆற மாசக்கணக்காவும். பெட்ஸோருன்னு சொல்லுவாவ. அதுக்குத்தான் பைய ஒரு பொரட்டு. நோவாமப் பொரட்டுகேன்.”

எந்தெந்த இடத்தில் அது வரும் என்று அவர் கேட்டார். அவள் தொடட்டுமா என்று கேட்டுக்கொண்டே தொட்டுக் காட்டினாள், தலையின் பின்பக்கம், தோள்பட்டை, இடுப்பெலும்பு, குதிகால். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஊசியை ஏன் தினமும் ஒரே இடத்தில் போடக் கூடாது என்று கேட்டார். சொன்னாள். காய்ச்சல் அடிக்கும்போது நீ ஏன் கம்பளியை எடுத்துவிடுகிறாய், எனக்குக் குளிருகிறதே என்றார். அதற்கும் சொன்னாள், குளிரட்டும் என்று விடமாட்டேன், மெல்லிய துணி ஒன்று போட்டுவிடுகிறேன் என்றும் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் கால்மாட்டில் மடித்திருந்த விரிப்பை எடுத்து, தேர்வாளரின் கழுத்துவரை போர்த்தியும்விட்டாள். நீல பெல்ட் பிள்ளைகளில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். புத்தகத்தில் உள்ளது அத்தனையும் வந்தது, ஒரு காரணம் விடாமல். புத்தகத்தின் மொழியில் வரவில்லை, அவ்வளவுதான். புரியாத வார்த்தை வந்தபோது தேர்வாளர் நோயாளி கேட்பதுபோலவே, அனங்காமன்னா என்னம்மா என்று கேட்டார். ஆடாம அசையாம என்று அவள் சொல்லிக்கொடுத்தாள்.

கேள்விகள் முடிந்தன. பிள்ளைக்கு அது தெரிந்துவிட்டது. அவரது முதுகுக்குக் கை கொடுத்தாள்.

“முடிஞ்சுது பாட்டா. பைய எழும்புங்க. ஒடனே நிக்காண்டாம், தல சுத்தும். கொஞ்சம் இருந்துட்டு எழும்பலாம்.”

பிள்ளை, தான் சொன்னதை உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். தேர்வாளர் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்தார். பாட்டான்னா என்ன என்று கேட்டார். உண்மையை நேருக்கு நேராகச் சொல்வதில் பெயர் எடுத்தவள் நான். எங்க ஊர்ல மரியாதைக்குச் சொல்லுறது மேடம் என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டார். படுத்துப் பார்த்தால் மேலே சுற்றுகிற காற்றாடியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, ஆள் வந்து குனிந்து பேசுகிறவரை பயமாகத்தான் இருந்தது என்று சொன்னார். இத்தனை காலம் தேர்வு நடத்துகிறேன், இன்றைக்குத்தான் கட்டிலில் படுக்கிறேன் என்றும் சொன்னார். காலையில் அவரோடு மல்லுக்கு நின்ற எனக்கு, இப்போது அவரது முட்டுக்குத் தைலம் தேய்த்துவிட வேண்டும்போல இருந்தது.

பிறகு அவர் மேசைக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார். எனக்குத் தெரியாதபடி இடது கையால் மறைத்துக்கொண்டார். பிள்ளை எதிரே நின்றாள். போகலாம் என்று அவர் சொன்ன பிறகும் போகவில்லை. அவரை நேராகப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டது. அதே புடைத்த நரம்பு, அதே மூடிய கண். கட்டில் பக்கத்தில் ஓடிய பேச்சு மேசை முன்னால் ஓடவில்லை. அப்படியெல்லாம் ஒரே நாளில் சரியாகிற காரியம் இல்லை அது.

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும், நீல பெல்ட் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. பொறுமை என்றால் என்னவென்று அறியாத நானும் காத்திருந்தேன். காற்றாடி மட்டும் சுற்றியது.

“ஞா... ஞான்... பாஸா மேடம்?”

தேர்வு முடிவைத் தேர்வாளர் வாயால் சொல்லக் கூடாது. அது பல்கலைக்கழகத்தின் சட்டம், அவர் சட்டத்தை மீறுகிறவர் இல்லை. அவர் தாள்களை உறையில் போட்டு ஒட்டினார். நீல பெல்ட் கட்டிய பிள்ளைகள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார்.

“அந்த நீலம் உனக்கு நல்லா இருக்கும்மா. சாயங்காலமே போய் எடுத்துரு.”